விண்மீனை அளந்த மாணவர்

நுழையும்முன்

தாம் அரிதின் முயன்று கற்ற ஒன்று பழையதாகிவிட்டது என்று தெரியவரும் நாளில் ஒருவர் என்ன செய்கிறார் என்பதே அவருடைய கல்வியின் உரைகல்லாகும். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்ற ஒரு மாணவரின் வாழ்வில் அப்படியொரு நாள் வந்தது. அன்று அவர் கலங்கினார். ஆனால், கற்பதைக் கைவிடவில்லை. மீண்டும் முதலிலிருந்து கற்கத் தொடங்கினார். அந்தத் தொடக்கம், விண்மீன்களின் இறுதிக்காலத்தை உலகம் அறிந்துகொள்ள வழிவகுத்தது. நோபல் பரிசு பெற்ற வானியற்பியலறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் மாணவப் பருவத்தை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மயிலாப்பூர் இல்லம்

சென்னைக் கடற்கரையிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலை, முன்னர் எட்வர்டு எலியட்ஸ் சாலை என்று வழங்கப்பட்டது. மயிலாப்பூர்ப் பகுதியைச் சார்ந்த அச்சாலையில் ‘சந்திர விலாஸ்’ என்னும் இல்லம் இருந்தது. பத்துப் பிள்ளைகள் வளர்ந்த பெருங்குடும்பத்தின் இல்லம் அது. அப்பிள்ளைகளுள் மூன்றாமவராகவும் ஆண்மக்களுள் மூத்தவராகவும் பிறந்தவர் சந்திரசேகர்.

அவர் பிறந்தது 1910ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள், அன்றைய ஒன்றுபட்ட இந்தியாவின் இலாகூர் நகரில். தந்தையார் சுப்பிரமணிய ஐயர் இரயில்வே கணக்குத் துறையில் உயர் அலுவலராக இருந்தார். இசையில் ஆழ்ந்த புலமையும் உடையவர். அவருடைய பணியின் பொருட்டு இலாகூரிலும் இலக்னோவிலும் வாழ்ந்த குடும்பம், 1918ஆம் ஆண்டு சென்னைக்கு வந்தது.

சந்திரசேகரின் முதல் பள்ளி அவருடைய வீடே. ஆங்கிலத்தையும் கணக்கையும் தந்தையார் கற்பித்தார். தமிழை அன்னையார் சீதாலட்சுமி கற்பித்தார். அந்த அன்னையாரின் கல்வியே ஒரு பாடமாகும். முறையான பள்ளிக்கல்வி மிகுதியாகப் பெறாத அவர், திருமணத்திற்குப் பின்னர்த் தம் முயற்சியால் ஆங்கிலம் கற்றார். நார்வே நாட்டு நாடக ஆசிரியர் இப்சனின் புகழ்பெற்ற நாடகம் ஒன்றைத் தமிழில் மொழிபெயர்க்கும் அளவிற்குத் தேர்ந்தார். கற்பதற்கு வகுப்பறை மட்டுமே வாயில் அன்று என்பதைப் பிள்ளைகள் அன்னையாரைப் பார்த்தே அறிந்துகொண்டனர்.

1920ஆம் ஆண்டு கணிதமேதை இராமானுஜன் மறைந்தார். அச்செய்தியை அன்னையார் தம் மகனுக்கு எடுத்துச் சொன்னபோது அவருக்கு வயது ஒன்பது. தம்மைப் போன்றதொரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஒருவர் கடல் கடந்து சென்று, உலகம் மதிக்கும் அறிஞராகத் திகழ்ந்தார் என்பது அச்சிறுவரின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று முடித்த சந்திரசேகர், 1925ஆம் ஆண்டு மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். அப்போது அவருக்குப் பதினைந்து வயதுகூட நிறையவில்லை.

விருப்பமும் கடமையும்

மெரினா கடற்கரையை நோக்கி நிற்கும் மாநிலக் கல்லூரி, 1840ஆம் ஆண்டு தோன்றிய பழம்பெரும் நிறுவனம். சந்திரசேகரின் சிற்றப்பாவாகிய சர் சி. வி. இராமனும் அங்குப் பயின்றவரே. ஒளியின் விளிம்பு விளைவைப் பற்றிய தம் முதல் ஆய்வுக் கட்டுரையை 1906ஆம் ஆண்டு, அக்கல்லூரி மாணவராக இருந்தபோதே இராமன் வெளியிட்டார். ஆகவே, அங்கே அறிவியல் பயில வந்த சந்திரசேகருக்குத் தம் குடும்பத்தினர் ஒருவரின் காலடித்தடம் முன்னரே பதிந்திருந்தது.

எனினும், அவர் செல்ல வேண்டிய பாதை எது என்பது குடும்பத்தில் ஒரு வினாவாகவே இருந்தது. இந்தியக் குடிமைப்பணித் தேர்வெழுதி உயர் பதவி பெற வேண்டும் என்பது தந்தையாரின் விருப்பம். அந்நாளில் திறன்மிக்க இளைஞர் பலரின் இலக்கு அதுவாகவே இருந்தது. அறிவியலை நம்பி வாழ்வை அமைத்துக்கொள்வது உறுதியற்றதாகக் கருதப்பட்டது. இராமனே முதலில் அரசின் நிதித்துறையில் சேர்ந்து, பத்தாண்டுகள் பணியாற்றிய பின்னரே 1917ஆம் ஆண்டு கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். எனவே, தந்தையாரின் அச்சத்தைப் பொருளற்றது என்று சொல்வதற்கில்லை.

சந்திரசேகரின் உள்ளமோ இராமானுஜன் சென்ற கணித வழியை நாடியது. சிறப்புநிலைப் பட்டப்படிப்பிற்குக் கணிதத்தைத் தேர்ந்தெடுக்க அவர் விரும்பினார். தந்தையார் இயற்பியலைப் பரிந்துரைத்தார். மகனின் மனம் எதில் ஈடுபடுகிறதோ அதனையே அவர் செய்ய வேண்டும் என்று அன்னையார் துணைநின்றார். முடிவில் சந்திரசேகர் தந்தையாரின் சொல்லை ஏற்று இயற்பியலில் சேர்ந்தார். ஆயினும், தம் விருப்பத்தையும் விட்டுவிடவில்லை. கணிதத்துறை வகுப்புகளுக்கும் சென்று அமர்ந்து பாடங்களைக் கேட்டார். அவருடைய ஆற்றலை உணர்ந்த ஆசிரியர்கள் அதற்கு இடமளித்தனர்.

வேறு வழியின்றி ஏற்றுக்கொண்ட இயற்பியலும், விருப்பத்தால் தேடிச்சென்ற கணிதமும் அவருள் ஒன்றாயின. பிற்காலத்தில் விண்மீன்களின் இயல்பைக் கணித மொழியில் எழுதும் ஆற்றலை அவருக்கு வழங்கியது இந்த இணைப்பே.

பாடநூலுக்கு அப்பால்

இயக்கவியல், வெப்பம், ஒலி, ஒளி, மின்னியல், காந்தவியல் ஆகியவை அந்நாளைய கல்லூரி இயற்பியலின் அடிப்படைப் பகுதிகள். இவற்றை மாணவர்கள் தனித்தனிப் பாடங்களாகக் கற்றனர். ஆனால், அதே ஆண்டுகளில் ஐரோப்பாவில் இயற்பியல் பெருமாற்றம் அடைந்துகொண்டிருந்தது. 1925ஆம் ஆண்டு ஹைசன்பர்க், 1926ஆம் ஆண்டு சுரோடிங்கர் ஆகியோர் குவாண்டம் கொள்கைக்குப் புதிய வடிவம் தந்தனர். அணுவைப் பற்றியும் எலக்ட்ரானைப் பற்றியும் அதுவரை நிலவிய கருத்துகள் மாறிக்கொண்டிருந்தன. இம்மாற்றங்கள் கல்லூரிப் பாடத்திட்டத்தை வந்தடைவதற்குக் காலம் தேவைப்பட்டது.

சந்திரசேகர் அதற்காகக் காத்திருக்கவில்லை. நூலகத்தில் கிடைத்த உயர்நிலை நூல்களைத் தாமே எடுத்துப் படித்தார். படிப்பது என்பது அவரைப் பொறுத்தவரை வரிகளைக் கடந்து செல்வதன்று. நூலில் உள்ள ஒவ்வொரு கணக்கீட்டையும் தாளில் தாமே செய்து பார்ப்பதாகும். அணுவின் அமைப்பையும் நிறமாலைக் கோடுகளையும் விளக்கும் ஜெர்மானிய அறிஞர் ஆர்னால்டு சோமர்ஃபெல்டின் பெருநூலை அவர் இவ்வாறே கற்றுத் தேர்ந்தார். இயற்பியல் கட்டுரைப் போட்டி ஒன்றில் வென்றதற்குப் பரிசாக, ஆங்கிலேய வானியலறிஞர் ஆர்தர் எடிங்டன் விண்மீன்களின் உள்ளமைப்பைப் பற்றி எழுதிய நூல் அவருக்குக் கிடைத்தது. இவ்விரு நூல்களும் அவருடைய வாழ்வின் திசையைத் தீர்மானித்தன.

1928ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் அவர் கல்கத்தா சென்று இராமனின் ஆய்வுக்கூடத்தில் தங்கினார். அவ்வாண்டு பிப்ரவரி 28ஆம் நாள்தான் இராமன் விளைவு கண்டறியப்பட்டிருந்தது. ஆய்வுக்கூடம் முழுவதும் அதன் எழுச்சி நிறைந்திருந்தது. அக்கண்டுபிடிப்பில் இராமனுக்குத் துணைநின்ற தமிழறிஞர் கே. எஸ். கிருஷ்ணனுடன் உரையாடும் வாய்ப்பும் சந்திரசேகருக்குக் கிட்டியது. ஆனால், செய்முறை ஆய்வு அவருக்குக் கைவரவில்லை. கருவிகளைக் கையாள்வதைவிடக் கணக்கீட்டின் வழியே சிந்திப்பதுதான் தம் இயல்பு என்பதை அங்கே அவர் உணர்ந்தார். தம்மால் இயலாதது எது என்று அறிந்துகொள்வதும் கல்வியின் ஒரு பயனே. விண்மீனின் உட்பகுதியை யாரும் ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டுவர முடியாது. அதனைக் கணக்கீட்டால் மட்டுமே சென்றடைய முடியும்.

விடுதியில் ஒரு சந்திப்பு

அதே 1928ஆம் ஆண்டின் பிற்பகுதியில், இந்தியாவில் சுற்றுப்பயணம் மேற்கொண்டிருந்த சோமர்ஃபெல்டு சென்னைக்கு வந்து மாநிலக் கல்லூரியில் உரையாற்றினார். தாம் வரிவரியாகக் கற்ற நூலின் ஆசிரியரை நேரில் கண்ட சந்திரசேகருக்கு, அவரிடம் தனியே பேச வேண்டும் என்னும் ஆவல் எழுந்தது. மறுநாள் அவர் தங்கியிருந்த விடுதிக்கே சென்றார். உலகப் புகழ்பெற்ற பேராசிரியர் ஒருவரின் அறைக்கதவைத் தட்டிய அந்த மாணவருக்கு அப்போது ஏறத்தாழப் பதினெட்டு வயது.

சோமர்ஃபெல்டு அவரை அன்புடன் வரவேற்றார். தாம் அவருடைய நூலை முழுமையாகக் கற்றதைச் சந்திரசேகர் பெருமிதத்துடன் தெரிவித்தார். பேராசிரியர் அளித்த விடையோ அவர் சற்றும் எதிர்பாராதது. அந்நூல் வெளிவந்த பின்னர் இயற்பியல் முற்றிலும் மாறிவிட்டது என்றும், அதில் விளக்கப்பட்ட பழைய குவாண்டம் கொள்கையின் இடத்தைப் புதிய குவாண்டம் இயக்கவியல் பிடித்துக்கொண்டது என்றும் அவர் எடுத்துரைத்தார். எலக்ட்ரான்களின் தொகுதியைக் கணக்கிடும் முறையும் மாறிவிட்டது என்றார்.

தாம் இரவு பகலாக உழைத்துச் சேர்த்த அறிவு பழையதாகிவிட்டது என்று கேட்பது எந்த மாணவருக்கும் பேரிடியாகவே இருக்கும். சந்திரசேகரும் நிலைகுலைந்தார். அதனை உணர்ந்த சோமர்ஃபெல்டு, உலோகங்களில் உள்ள எலக்ட்ரான்களைப் பற்றிய தம் புதிய கட்டுரையின் அச்சுப்படிகளை அவரிடம் கொடுத்தார். அக்கட்டுரை அப்போது நூலகங்களை எட்டவில்லை.

அந்தத் தாள்களைப் பெற்றுக்கொண்டு விடுதியிலிருந்து திரும்பிய மாணவரின் முன்னே இரண்டு வழிகள் இருந்தன. பட்டத்தேர்வுக்குத் தேவையானவற்றை மட்டும் படித்து நிறைவடைவது ஒன்று. கற்றதை ஒருபுறம் வைத்துவிட்டு மீண்டும் தொடங்குவது மற்றொன்று. அவர் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தார்.

இருக்கைக்கு ஓர் எலக்ட்ரான்

அந்த அச்சுப்படிகளில் அப்படி என்ன இருந்தது? மின்னியல் பாடத்தில் நாம் கற்கும் ஓர் எளிய செய்தியிலிருந்தே அது தொடங்குகிறது. உலோகக் கம்பி ஒன்றில் மின்சாரம் பாய்வதற்குக் காரணம், அதனுள் கட்டற்று இயங்கும் எலக்ட்ரான்களே. பழைய கொள்கையின்படி அவை ஒரு குடுவையில் அடைபட்ட வாயு மூலக்கூறுகளைப் போல இயங்குகின்றன. அவ்வாறாயின், உலோகத்தைச் சூடேற்றும்போது ஒவ்வோர் எலக்ட்ரானும் வெப்பத்தில் தன் பங்கைப் பெற வேண்டும். ஆனால், அளந்து பார்த்தபோது எலக்ட்ரான்கள் வெப்பத்தை ஏறத்தாழ ஏற்கவே இல்லை என்று தெரிந்தது. மின்சாரத்தைக் கடத்தும் எலக்ட்ரான்கள் வெப்பத்தில் மட்டும் ஏன் பங்கு பெறுவதில்லை என்பது நெடுநாள் புதிராக இருந்தது.

ஃபெர்மியும் டிராக்கும் 1926ஆம் ஆண்டு வகுத்த புதிய புள்ளியியல் முறை அப்புதிரை விடுவித்தது. ஒரே நிலையில் இரண்டு எலக்ட்ரான்கள் இருக்க முடியாது என்னும் பௌலியின் தவிர்ப்புத் தத்துவமே அதன் அடிப்படை. இதனைப் படிப்படியாக உயரும் இருக்கைகளைக் கொண்ட ஓர் அரங்கத்தோடு ஒப்பிடலாம். ஓர் இருக்கையில் ஒருவர் மட்டுமே அமரலாம். கீழ்வரிசைகள் எல்லாம் நிரம்பிவிட்டால், அங்கே இருப்பவர் அடுத்த வரிசைக்குச் செல்ல இடமிராது. நிரம்பிய வரிசைகளுள் மேலே உள்ளவற்றில் அமர்ந்திருப்பவர்கள் மட்டுமே இன்னும் உயரே செல்ல முடியும். அவ்வாறே, உயர் ஆற்றல் நிலைகளில் உள்ள மிகச் சில எலக்ட்ரான்களே வெப்பத்தை ஏற்கின்றன. எஞ்சியவை தத்தம் நிலைகளிலேயே இருக்கின்றன.

இக்கருத்தைப் புரிந்துகொண்ட சந்திரசேகர், அதனை வேறோர் இடத்தில் பொருத்திப் பார்த்தார். எக்ஸ் கதிர்கள் எலக்ட்ரான்களின்மீது மோதிச் சிதறும்போது அவற்றின் அலைநீளம் கூடுகிறது என்பதை 1923ஆம் ஆண்டு காம்ப்டன் கண்டறிந்திருந்தார். அச்சிதறலில் பங்கேற்கும் எலக்ட்ரான்கள் புதிய புள்ளியியலுக்குக் கட்டுப்பட்டால் விளைவு எவ்வாறு அமையும் என்று சந்திரசேகர் கணக்கிட்டார். சோமர்ஃபெல்டைச் சந்தித்த சில மாதங்களில் ஒரு கட்டுரை உருவாயிற்று. அதனைக் கேம்பிரிட்ஜில் இருந்த பேராசிரியர் ஃபவுலருக்கு அவர் அனுப்பிவைத்தார். ஃபவுலரின் வழியாக அக்கட்டுரை 1929ஆம் ஆண்டு இலண்டன் இராயல் கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. பட்டப்படிப்பை முடிக்காத சென்னை மாணவர் ஒருவரின் பெயர் உலகின் முன்னணி ஆய்விதழில் இடம்பெற்றது.

அவ்வாண்டே ஹைசன்பர்க் சென்னைக்கு வந்தார். புதிய குவாண்டம் இயக்கவியலின் முன்னோடியாகிய அவருடன் கடற்கரையில் உலவி, தம் ஆய்வைப் பற்றி உரையாடும் பேறு சந்திரசேகருக்குக் கிடைத்தது. ஓராண்டுக்கு முன்னர் அவர் அறிந்திராத இயற்பியல், இப்போது அவர் தம் கருத்தைச் சொல்லத்தக்க துறையாக மாறியிருந்தது.

அன்னையின் விடை

1930ஆம் ஆண்டு சந்திரசேகர் இயற்பியல் சிறப்புநிலைப் பட்டம் பெற்றார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்வதற்கு அரசின் உதவித்தொகையும் அவருக்குக் கிடைத்தது. குடிமைப்பணியா, அறிவியலா என்னும் வினாவிற்கு முடிவு ஏற்பட்டது. ஆனால், அதனினும் கடினமான வினா ஒன்று வீட்டில் காத்திருந்தது.

அன்னையார் சீதாலட்சுமி கடும் நோயுற்றிருந்தார். அந்நிலையில் அவரைப் பிரிந்து அயல்நாடு செல்வது முறையாகுமா என்று உறவினர்கள் தயங்கினர். சந்திரசேகரும் பயணத்தைத் தள்ளிவைக்க எண்ணினார். அன்னையார் அதற்கு இசையவில்லை. தம் மகன் தமக்காக மட்டும் பிறந்தவர் அல்லர், உலகிற்குரியவர் என்று கூறி, அவர் புறப்பட்டே ஆக வேண்டும் என்று வற்புறுத்தினார். நோய்ப் படுக்கையிலிருந்து விடைகொடுத்த அந்தத் தாயை மகன் மீண்டும் காணவில்லை. அடுத்த ஆண்டு, 1931 மே மாதம் அன்னையார் காலமானார். அச்செய்தி வந்தபோது சந்திரசேகர் கேம்பிரிட்ஜில் தனித்திருந்தார்.

கப்பலில் கண்ட எல்லை

1930ஆம் ஆண்டு சூலை 31ஆம் நாள் பம்பாய்த் துறைமுகத்திலிருந்து அவர் ஏறிய கப்பல் புறப்பட்டது. இங்கிலாந்தைச் சென்றடைய மூன்று வார அளவிலான பயணம். அந்நாள்களில் அவருடைய சிந்தனை ஒரு வகை விண்மீனைச் சுற்றியே இருந்தது.

வானில் மிகப் பொலிவுடன் விளங்கும் சிரியசு விண்மீனுக்கு மங்கலான துணை விண்மீன் ஒன்று உண்டு. அதன் நிறை ஏறத்தாழக் கதிரவனின் நிறைக்குச் சமம். அதன் உருவமோ புவியின் அளவினதே. அதன் பொருளில் ஒரு தேக்கரண்டி அளவே பல டன் எடை கொண்டது. இத்தகைய விண்மீன்கள் ‘வெண்குறு விண்மீன்கள்’ எனப்படுகின்றன. எரிபொருள் தீர்ந்து குளிர்ந்துவரும் விண்மீன் தன் ஈர்ப்பு விசையால் நொறுங்கிவிடாமல் எவ்வாறு நிலைத்திருக்கிறது? இதற்கு ஃபவுலர் 1926ஆம் ஆண்டிலேயே ஒரு விடை கூறியிருந்தார். உலோகத்தில் கண்ட அதே எலக்ட்ரான் விதிதான் அங்கும் செயற்படுகிறது. நெருக்கி அழுத்தப்படும் எலக்ட்ரான்கள் ஒரே நிலையில் இருக்க முடியாமையால், குளிர்ந்த நிலையிலும் எதிரழுத்தம் தந்து விண்மீனைத் தாங்குகின்றன.

கப்பலில் இருந்த இளைஞர் இக்கருத்தை மேலும் ஒரு படி தொடர்ந்தார். விண்மீனின் நிறை கூடக் கூட அது மேலும் சுருங்கும். எலக்ட்ரான்கள் மேலும் நெருக்கப்பட்டு உயர்ந்த நிலைகளுக்குத் தள்ளப்படும். அவற்றின் வேகம் கூடும். மையப்பகுதியில் அவ்வேகத்தைக் கணக்கிட்டபோது அது ஒளியின் வேகத்தை நெருங்குவதைக் கண்டார். அங்கே ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாட்டைச் சேர்த்தே கணக்கிட வேண்டும். ஃபவுலர் அதனைச் சேர்க்கவில்லை. எந்தப் பொருளும் ஒளியின் வேகத்தைத் தாண்ட முடியாது. ஆகவே, எலக்ட்ரான்கள் தரும் எதிரழுத்தம் ஈர்ப்பு விசைக்கு ஈடாக வளர இயலாமல் பின்தங்குகிறது. அவ்வாறாயின், ஒரு குறிப்பிட்ட நிறைக்கு மேற்பட்ட விண்மீன் வெண்குறு விண்மீனாக நிலைபெறவே முடியாது.

பத்தொன்பது வயது நிறைந்த இளைஞரின் தாளில் அந்த எல்லை தோன்றியது. அதற்கு வேண்டிய கருத்துகள் அனைத்தையும் அவர் சென்னையிலேயே கற்றிருந்தார். மின்னியலிலிருந்து எலக்ட்ரான், வெப்பவியலிலிருந்து வாயுவின் அழுத்தம், ஒளியின் வேகத்திலிருந்து சார்பியல், சோமர்ஃபெல்டின் தாள்களிலிருந்து புதிய புள்ளியியல், எடிங்டனின் நூலிலிருந்து விண்மீனின் அமைப்பு ஆகிய அனைத்தும் அங்கே ஒன்றுகூடின.

தெரிந்து தெளிவோம்

வெண்குறு விண்மீன் ஒன்று நிலைத்திருக்கத்தக்க பெரும நிறை ‘சந்திரசேகர் எல்லை’ எனப்படுகிறது. அது கதிரவனின் நிறையைப்போல ஏறத்தாழ 1.4 மடங்கு. நம் கதிரவன் இந்த எல்லைக்கு உட்பட்டது. ஆகவே, அது தன் இறுதிக் காலத்தில் வெண்குறு விண்மீனாகும். இறுதியில் எஞ்சும் உட்கருவின் நிறை இந்த எல்லையைக் கடந்தால் அது மேலும் சுருங்கி, நியூட்ரான் விண்மீனாகவோ கருந்துளையாகவோ மாறும்.

மறுப்பும் பொறுமையும்

சந்திரசேகர் 1933ஆம் ஆண்டு முனைவர் பட்டம் பெற்றார்; டிரினிட்டி கல்லூரியின் ஆய்வாளராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1935ஆம் ஆண்டு சனவரி 11ஆம் நாள் இலண்டன் இராயல் வானியல் கழகக் கூட்டத்தில் தம் முடிவை விரிவாக எடுத்துரைத்தார். அவருக்கு அடுத்துப் பேச எழுந்தவர் எடிங்டன். மாணவப் பருவத்தில் சந்திரசேகர் பரிசாகப் பெற்றுப் போற்றிப் படித்த நூலின் ஆசிரியர் அவர். விண்மீன் அவ்வாறு முடிவின்றிச் சுருங்குவதை இயற்கை அனுமதிக்காது என்று கூறி, அவையினர் நகைக்கும்படி இளைஞரின் முடிவை அவர் மறுத்தார்.

இயற்பியலறிஞர் சிலர் சந்திரசேகரின் கணக்கீடு சரியானதே என்று தனிப்பட்ட முறையில் ஒப்புக்கொண்டனர். ஆயினும், எடிங்டனின் பெரும்புகழுக்கு எதிராக வெளிப்படையாகப் பேச அவர்கள் முன்வரவில்லை. சந்திரசேகர் பூசலில் இறங்கவில்லை. எடிங்டனிடம் கொண்டிருந்த மதிப்பையும் விடவில்லை. தம் ஆய்வு முழுவதையும் ஒரு நூலாக எழுதி 1939ஆம் ஆண்டு வெளியிட்டார்; பின்னர் வேறு துறையை நோக்கித் திரும்பினார். காலம் அவருடைய கணக்கீட்டை உறுதிப்படுத்தியது. 1983ஆம் ஆண்டு, விண்மீன்களின் அமைப்பு, படிமலர்ச்சி ஆகியன பற்றிய ஆய்வுகளுக்காக அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. வில்லியம் ஃபவுலர் என்னும் அமெரிக்க அறிஞரும் அவ்வாண்டின் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கப்பற் பயணத்திற்கும் அப்பரிசுக்கும் இடையே ஐம்பத்து மூன்று ஆண்டுகள் கடந்திருந்தன.

மீண்டும் மாணவராக

1936ஆம் ஆண்டு சென்னைக்கு வந்த சந்திரசேகர், மாநிலக் கல்லூரியில் தமக்கு ஓராண்டு பின்னர் இயற்பியல் பயின்ற லலிதாவை மணந்தார். அப்பயணத்தின்போதுதான் இராமானுஜனின் துணைவியார் ஜானகி அம்மையாரைத் தேடிச் சந்தித்து, இராமானுஜனின் கடவுச்சீட்டு ஒளிப்படத்தைப் பெற்றுச் சென்றார். இன்று நாம் நூல்களில் காணும் இராமானுஜனின் உருவம் பெரும்பாலும் அப்படத்தை அடியொற்றியதே. ஒன்பது வயதில் தம் உள்ளத்தில் பதிந்த மனிதரின் முகத்தை அவர் உலகிற்குத் தந்தார்.

1937ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அவர், வாழ்நாள் முழுவதும் அங்கேயே பணியாற்றினார். அவருடைய ஆய்வுமுறை தனித்தன்மை உடையது. ஒரு துறையைத் தேர்ந்தெடுத்துப் பல ஆண்டுகள் ஆழ்ந்து கற்பார். கற்றதை ஒரு நூலாக எழுதி முடிப்பார். பின்னர் அத்துறையை விட்டு, தமக்குப் பழக்கமில்லாத வேறொரு துறையில் முதலிலிருந்து தொடங்குவார். விண்மீன்களின் இயக்கம், கதிர்வீச்சுப் பரவல், பாய்மங்களின் நிலைத்தன்மை, கருந்துளைகளின் கணிதம் என்று இவ்வரிசை நீண்டது. சென்னை விடுதியில் ஒருநாள் அவருக்கு வாய்த்த அனுபவத்தைப் பின்னர் அவரே விரும்பி மீண்டும் மீண்டும் மேற்கொண்டார் எனலாம்.

தாய்நாட்டுத் தொடர்பையும் அவர் விட்டுவிடவில்லை. 1962ஆம் ஆண்டு சனவரி 3ஆம் நாள் மாநிலக் கல்லூரியில் கணித அறிவியல் நிறுவனம் தொடங்கப்பட்டபோது, தாம் பயின்ற கல்லூரிக்கு வந்து அவ்விழாவில் பங்கேற்றார். அந்நிறுவனம் இன்று அடையாற்றுக்குத் தெற்கே தரமணியில் இயங்கிவருகிறது.

எண்பது வயதைக் கடந்த பின்னர் அவர் மேற்கொண்ட கடைசிப் பெரும்பணி எது என்பது வியப்பிற்குரியது. இயற்பியலின் தொடக்க நூல்களுள் ஒன்றாகிய நியூட்டனின் ‘பிரின்சிபியா’வை அவர் எடுத்துக்கொண்டார். அதிலுள்ள மெய்ம்மைகளுக்கு முதலில் தாமே நிறுவல் காண்பார். அதன் பின்னரே நியூட்டன் தந்த நிறுவலோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். பொதுவான வாசகருக்காக அவர் எழுதிய அந்நூல் 1995ஆம் ஆண்டு வெளிவந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 21ஆம் நாள் சிகாகோவில் அவர் மறைந்தார். 1999ஆம் ஆண்டு சூலை மாதம் விண்ணில் செலுத்தப்பட்ட எக்ஸ் கதிர் தொலைநோக்கிக்கு ‘சந்திரா’ என்று அவருடைய பெயர் சூட்டப்பட்டது.

மயிலாப்பூர் இல்லத்தில் பென்சிலும் தாளுமாகப் பாடநூலைக் கற்ற அதே மாணவர்தான், நோபல் பரிசு பெற்ற பின்னரும் நியூட்டனின் முன்னே அமர்ந்து கணக்கிட்டுக்கொண்டிருந்தார். நம் மேசைமேல் உள்ள இயற்பியல் நூலிலும் மின்னியலும் ஒளியியலும் நவீன இயற்பியலும் தனித்தனி அலகுகளாகவே உள்ளன. அவற்றை இணைத்துப் பார்க்கும் வேலை, அந்நாளில் அந்த மாணவருக்கு விடப்பட்டதைப் போலவே, இன்று நமக்கும் விடப்பட்டிருக்கிறது.